மஹேயுவின் முழங்கால்

எல்லோரும் சௌக்கியம்தானே? சளி, காய்ச்சல், முட்டிவலி ஒன்றும் இல்லையே? இருந்தாலும் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக உட்காருங்கள், இங்கே ஃபுனாஃபூத்தித் தீவில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, வெயில் ஒன்றுதான் கொஞ்சம் அதிகம், அந்த வெயிலில்தான் மெலாலி விமானத் திடலைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறாள், கையில் ஒரு தலைமாலை, மனதில் ஒரே நினைப்பு…

…சொன்னால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு, ‘மதினி, அந்த வருஷம் நீங்க வந்து நிக்கலேன்னா நாங்க கப்பலே ஏறியிருக்க மாட்டோம்’ என்று ஒரே ஒரு தடவை, ஊர்க்கூடத்தில் எல்லோர் முன்னாலும்கூட வேண்டாம், வேலிப்பக்கமாக நின்று காதோடு சொன்னால் போதும், வாய் கோணிவிடுமா என்ன, அதுவும் மஹேயுவுக்கு இருக்கிற வாய்க்கு… இன்றைய விமானத்தில் போகிறான், பிரிஸ்பேனில் மகள் வீட்டுக்கு, இரண்டு பெட்டியும் சுருட்டிக் கட்டிய ஒரு தாழைப் பாயும், போகிறவன் இனித் திரும்பி வரப்போவதில்லை என்று ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும், அதனால்தானே கோழிகளைக்கூடப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டான், மெலாலி பங்குக்கு வந்தது ஒரு கிழட்டுச் சேவல், நேரம் காலம் தெரியாமல் கூவுகிற சேவல், கொடுக்கும்போது என்ன சொன்னான், “உங்களுக்குன்னே வச்சிருந்தேன் மதினி, ரெண்டு பேருக்கும் வாய் மூடாது, நல்லா ஒத்துப்போகும்.” இதற்கெல்லாம் வார்த்தை வருகிறது, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை, இத்தனை வருஷமாக எழும்பவில்லை… ஆனாலும் காலையில் எழுந்ததும் அவள் கைதான் பூப் பறித்தது, அவனுக்குப் பிடித்த வெள்ளைப் பூவாகப் பார்த்துப் பார்த்து, யாராவது கேட்டிருந்தால் கோபத்தோடுதான் கட்டினேன் என்றுதான் சொல்லியிருப்பாள், கோபத்தோடு கட்டின மாலை இவ்வளவு நெருக்கமாக வருமா, இவ்வளவு அழகாக வருமா, அதையும் யோசிக்கவேண்டியதுதான்.

திடலில் ஒரே கூட்டம், இன்றைக்கு இவன் ஒருவன் மட்டும் போகவில்லையே, தேசிய அணிப் பையன்களும் இதே விமானத்தில்தான் போட்டிக்குப் போகிறார்கள், ஒவ்வொருத்தனும் தென்னைமரம் மாதிரி, காலில் வெள்ளை வெளேரென்று சப்பாத்து, முதுகில் நாட்டின் பேர், அம்மாக்கள் மாலைமேல் மாலையாகப் போட்டு மூக்குவரை ஏறிவிட்டது, ஒரு பையனுக்கு மூச்சுவிடக் கண் மட்டும்தான் பாக்கி… இந்தத் திடல்தானே இவர்களை வளர்த்தது, விமானம் வராத நேரமெல்லாம் ஊர் முழுக்க இங்கேதான், ஒரு பக்கம் மோட்டார் பைக் பழகுவார்கள், ஒரு பக்கம் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள், நடுவில் வலை கட்டிக் கைப்பந்து, தீவில் வேறு எங்கே இடம் இருக்கிறது, இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு துண்டு நிலம், அதில் பாதியை இந்தத் திடல் தின்றுவிட்டது, தின்றதைச் சாயங்காலம் சாயங்காலம் நாங்கள் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று அவள் புருஷன் லுத்தேலு சொல்வான்…

லுத்தேலு. அவன் பேரை நினைத்தால் இப்போது வலிப்பதில்லை, ஒரு வெதுவெதுப்பு மட்டும், அடுப்பு அணைந்த பிறகு கல்லில் இருக்குமே அது மாதிரி. ஜெர்மன் சரக்குக் கப்பலில் வேலை, ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஹாம்பர்க் துறைமுகத்தில் வாங்கிய ஒரு தோல் பந்தோடு வந்தான், வெள்ளையாக, வாசனையாக, அதுவரைக்கும் இந்தத் தீவில் நிஜமான வாலிபால் யார் கண்டார்கள், தாழை ஓலையைப் பின்னி இறுக்கி, ஆனோ என்கிற எங்கள் ஊர் ஆட்டத்துக்கு வைத்திருக்கிற பந்துதான், அது பந்தா, கல், கையில் பட்டால் இரண்டு நாளைக்குச் சோறு பிசைய முடியாது… பையன்கள் அந்தத் தோல் பந்தை முதல்முதலில் தொட்டபோது என்னவோ பச்சைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கினார்கள், மஹேயு அதை மோந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இது வெளையாடவா, சமைச்சு சாப்பிடவா?” என்று கேட்டான். அப்படி ஆரம்பித்ததுதான் தேசிய அணி, ஒரு பந்தும் கிழிந்த மீன்வலையும் ஆறு பேரும், பாதிரியார்தான் பயிற்சியாளர், அவருக்குத் தெரிந்தது பாதி, பைபிள் மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டால் மீதியும் உண்மையாகிவிடும் என்று நினைப்பு. லுத்தேலு திரும்பக் கப்பலுக்குப் போனான், பந்து வீட்டில் இருந்தது, அப்புறம் கப்பல் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது, ராத்திரி, பெரிய அலை, மேல்தட்டில் இருந்தவனைக் காணவில்லை, அவ்வளவுதான், உடம்பு இல்லை, குழி இல்லை, மண் போட இடம் இல்லை… அவள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தாள், யார் வந்தார்கள் யார் போனார்கள் எதுவும் ஞாபகம் இல்லை, பதநீரைக் கொண்டுவந்து வாயில் வைப்பார்கள், அது ஓரமாக வழியும், மழைக்காலம் வந்து போனதுகூட அவளுக்குத் தெரியாது, சுவர் மட்டும் தெரியும், அந்தச் சுவரில் ஓலை முடிச்சுகள் எத்தனை என்று அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் இந்த மஹேயு வந்து வாசலில் நின்றான், லுத்தேலுவுக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை, அழுகிற மாதிரியோ ஆறுதல் சொல்கிற மாதிரியோ மூஞ்சியை வைத்துக்கொள்ளத் தெரியாதவன், “மதினி, பந்து இங்கதான இருக்கு, குடுங்க, போட்டிக்குப் பேர் குடுத்தாச்சு, கப்பல் ஏறி சுவா பட்டணத்துக்குப் போணும்” என்றான். அவள் திரும்பாமலேயே கையைக் காட்டினாள், பெட்டிமேல். அவன் எடுத்தான், போகவில்லை. “இன்னொண்ணு மதினி. ஆளும் ஒண்ணு குறையுது. என் வலது முழங்கால் போச்சு. மடக்க முடியல. அஞ்சு பேரை வச்சுக்கிட்டு எப்படிப் பழகறது, நீங்க வந்து சும்மா என் எடத்துல நில்லுங்க, பந்து வந்தா தட்டுங்க, வரலேன்னா நில்லுங்க.” போடா என்றாள். மறுநாளும் வந்தான், நொண்டிக்கொண்டு, முழங்காலில் ஒரு சிவப்புத் துணி. அதற்கு மறுநாள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான், வாசலில் வரிசையாக ஐந்து தடியன்கள், தலைவன் தாவிட்டா சொன்னான், “அக்கா, நீங்க வரலேன்னா பாதிரியாரைத்தான் நிறுத்தணும், அவர் பந்தைப் பார்த்தா கண்ணை மூடி ஜெபம் பண்றாரு.” சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அது தெரிந்தே எத்தனை நாளாகியிருந்தது… எழுந்தாள். ஏன் எழுந்தாள்? இப்போதும் அவளுக்குத் தெரியாது, கால்கள் எழுந்தன, அவ்வளவுதான், ஆள் குறைகிறது என்றார்களே, ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது என்றால் போய் நிற்பதுதானே, பக்கத்தில் ஒரு இடம் காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

அடித்தார்கள், அதைச் சொல்லவேண்டும், பெண் பிள்ளை, புதுசாகத் தாலி… அதாவது புருஷனை இழந்தவள் என்று ஒருத்தனும் கையைத் தளர்த்தவில்லை, முதல் நாளே தாவிட்டா அடித்த பந்து அவள் முன்கையில் பட்டு ராத்திரி முழுக்க விண்விண் என்று தெறித்தது, அந்த வலியில்தான் அவள் பல மாதம் கழித்து முதல்முறையாகத் தூங்கினாள், உடம்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த மாதிரி. கத்துவார்கள் வேறு, “எங்க பாக்குறீங்க, பந்தைப் பாருங்க, கடலுக்குள்ள என்ன இருக்கு!” மஹேயு ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட வலது காலை நீட்டிக்கொண்டு, வாய் ஓயாமல், “மதினி, அது பந்து, பாவம் பண்ணின பேய் இல்ல, ஓடாதீங்க!” … அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கை வேகம் வரும், ஒருநாள் அவள் அடித்தது தாவிட்டாவின் மூக்கில் பட்டு ரத்தம், எல்லோரும் கைதட்டினார்கள், தாவிட்டாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டே. அவள் மஹேயுவுக்கு எண்ணெய் காய்ச்சினாள், நுணா இலையும் தேங்காயெண்ணெயும் இன்னும் அவள் அம்மா சொல்லிக்கொடுத்த என்னென்னவோ, ஊரைக் கூட்டுகிற நாற்றம், தினமும் ஒரு புட்டி, மஹேயு பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, “அக்கா, இவரை வீட்டுக்குள்ள விடறதா வெளிய கட்டிப்போடறதா தெரியல, ஆனா விடாதீங்க, காய்ச்சிக்கிட்டே இருங்க” என்பாள், சிரிப்பாள். காய்ச்சினாள். காலையில் இலை பறிக்க, மத்தியானம் காய்ச்ச, சாயங்காலம் விளையாட, நாள் நிறைந்துவிட்டது. சரியாகக் கப்பல் புறப்படுகிற வாரத்தில் முழங்கால் குணமாகிவிட்டது, பாதிரியார் ஜெபம் என்றார், மெலாலி மனசுக்குள் என் எண்ணெய் என்றாள், அதையும் இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை.

“தலோஃபா, வணக்கம் அத்தை, இங்க வாங்க, நிழலுக்கு வாங்க!” வானொலியில் வேலை பார்க்கிற சிலினா, கையில் ஒரு சின்னக் கருவி, பழைய அணியைப் பற்றி நாலு வார்த்தை வேண்டுமாம், பையன்கள் கிளம்புகிற நாளில் ஒலிபரப்ப. பெஞ்சில் ஏற்கெனவே மஹேயு, இடது முழங்காலில் டாக்டர் கொடுத்த பட்டை, கைத்தடி, புதுச் சட்டை, எண்ணெய் தடவிச் சீவிய தலை, மாப்பிள்ளை மாதிரி. கேட்க வேண்டுமா, கருவியைப் பார்த்ததும் பேச்சு மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் சொன்னான்… கப்பலில் ஆறு பேரும் வாந்தி எடுத்தது, பாதிரியார் மட்டும் ஆறு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டது, சுவாவில் வெறுங்காலோடு களத்தில் இறங்கப்போனபோது நடுவர் தடுத்து நிறுத்தியது, பார்க்க வந்தவர்களிடம் சப்பாத்து இரவல் வாங்கியது, “எனக்குக் கெடச்சது ஒரு போலீஸ்காரரோடது சிலினா, ஆட்டம் முடிஞ்சதும் அவரு காலைப் பாக்காம என் காலையே பாத்துக்கிட்டு நின்னாரு.” வீட்டில் சாயம் தோய்த்த நீலச் சட்டை வேர்வையில் கரைந்து பந்தெல்லாம் நீலக் கை அடையாளம், எதிரணிக்காரன் முகத்தில்கூட ஒரு நீல அடையாளம், கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நடுவருக்குச் சந்தேகமே வரவில்லையாம், பந்து விழுந்த இடத்தில் முத்திரை குத்தியிருக்குமாம். சிலினா விழுந்து விழுந்து சிரிக்கிறாள், சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது, பையன்கள்கூட மாலைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கதை, எல்லா விருந்திலும் சொல்கிற கதை, சொல்லாவிட்டால் விருந்து செரிக்காது… இரண்டாவது ஆட்டம், எதிரே ஒரு பெரிய தீவின் அணி, நம்மவர்கள் முதல்முறையாக முந்திக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு புள்ளி போதும், ஒரே ஒரு புள்ளி, செட் நமக்கு, பந்து மேலே இருக்கிறது, அந்த நேரம் பார்த்து வெளியே தெருவில் எங்கேயோ தீயணைப்பு வண்டி ஒன்று சங்கு ஊதிக்கொண்டு போகிறது, “அவ்வளவுதான்! சங்கு ஊதிச்சா! நம்ம ஊர்ல சங்கு ஊதினா என்ன அர்த்தம்? ப்ளேன் வருது, திடலைக் காலி பண்ணு! ஆறு பேரும் ஓடினோம் பாரு, பந்தாவது புள்ளியாவது, நான்தான் முதல்ல, குறிப்பு எழுதறவங்க மேசை குறுக்க இருந்துச்சு, ஒரே தாவு, அந்தப் பக்கம்! தாவிட்டா வலையை அவுக்கவே ஆரம்பிச்சுட்டான்! எதிரணிக்காரன் ஆறு பேரும் அப்படியே நிக்கறான், பந்து நம்ம பக்கம் ‘டொம்’முனு விழுது, பாதிரியார் பூமி நடுங்குதுன்னு நெனச்சு முழங்கால்ல விழுந்துட்டாரு!” சிரிப்பில் பெஞ்ச் ஆடியது, மெலாலியும் சிரித்தாள், எத்தனை தடவை கேட்டாலும் இந்த இடத்தில் சிரித்துவிடுவாள், அந்தத் தாவல் என் எண்ணெய் போட்ட தாவல் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையோடு… “அப்ப மொத்தம் யார் யார் இருந்தீங்க மாமா?” என்று சிலினா கேட்டாள். மஹேயு விரல் மடக்கினான், தாவிட்டா, அவன் தம்பி, மீன் துறையில் இருந்தவன், இரட்டையர்களில் மூத்தவன், நியூட்டாவோ தீவுக்காரன், நான், பாதிரியார், சப்பாத்து கொடுத்த போலீஸ்காரர், கப்பல் சமையல்காரர், ஏன், வழியனுப்ப வெட்டிய பன்றியைக்கூட விடவில்லை, “அதும் நல்ல பன்னி, அதையும் போடு” என்றான், மெலாலி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், இதோ இரண்டடி தூரத்தில், அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்கூட, பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான், வேறு பேச்சுக்குப் போய்விட்டான். பன்றிக்கு இருக்கிற மரியாதை… சரி, விடு.

நிறுக்கக் கூப்பிட்டார்கள். பெட்டியை நிறுத்து, ஆளையும் நிறுத்து ஏற்றுகிற விமானம், மஹேயு தராசில் ஏறித் தடுமாறினான், நிறுக்கிற பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள், “மெதுவா மாமா, இந்தக் கால் எத்தனை வருஷமா இப்படி, வாலிபால் ஆடி ஆடித் தேஞ்சுபோச்சா?” என்று கேட்டாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வாலிபாலா! போன வருஷம் படகுலேர்ந்து எறங்கறப்ப பாசியில வழுக்கினேன்டி, அதோட சரி. அதுக்கு முன்னாடி ஆயுசுல ஒருநாள் இந்த ரெண்டு முழங்காலும் எனக்குத் தகராறு பண்ணினதில்ல. ஒரே ஒருநாள்கூட இல்ல. கேட்டுப் பாரு யாரை வேணும்னாலும்.” நிறுக்கிற பெண் யாரையும் கேட்கவில்லை, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்தவர் என்றாள்.

ஆயுசில் ஒருநாள்கூட… என்ன பேசுகிறான் இவன், மறந்துவிட்டானா, வயசாகிவிட்டது, அந்தச் சிவப்புத் துணி, அந்த எண்ணெய், மடக்க முடியவில்லை என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது… கதை என்றால் பன்றியைக்கூட மறக்காதவன் தன் முழங்காலை மறப்பானா? அப்போதுதான் சங்கு ஊதியது. நிஜச் சங்கு, திடலின் மறுகோடியில் தீயணைப்பு வண்டி, விமானம் வருகிறது, காலி பண்ணு. பைக்குகள் ஒதுங்கின, நாய்களை விரட்டினார்கள், ஒரு பெண் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள், மெலாலி அப்படியே நின்றாள், ஏனென்றால் அவள் கண்முன்னால் வேறொரு சங்கு, வேறொரு சாயங்காலம், அப்போது இந்தத் திடலில் தார் இல்லை, புல்லும் பவளக் கல்லும்தான், வலைக் கம்புகள் இரண்டும் கல் நிரப்பிய தகர டின்னில் நட்டவை, ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், சங்கு ஊதியதும் ஐந்து பேரும் சிதறுவார்கள், அவளும் ஓடுவாள், அந்தக் கம்பு… அந்தக் கம்பை டின்னோடு தோளில் போட்டுக்கொண்டு, வலை வால் மாதிரிப் பின்னால் இழுபட, எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியது யார்? ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன். சிவப்புத் துணிக்காரன். ஒருநாள் இல்லை இரண்டு நாள் இல்லை, சங்கு ஊதிய சாயங்காலம் எல்லாம். ஓடிக்கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு, விமானம் இறங்கி முடிந்ததும் திரும்ப நொண்டிக்கொண்டு வந்து உட்காருவான்… அவள் பார்த்திருக்கிறாள், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், இந்தக் கண்கள்தான், பார்த்ததை எங்கே போட்டு வைத்திருந்தாள் இத்தனை காலம்? ஒரு நாள் துணி இடது காலில் இருந்ததே, அதுகூட இப்போது வருகிறது, “மதினி காச்சின எண்ணெய் அவ்ளோ வேகம், வலி பயந்துபோய் அடுத்த காலுக்கு ஓடிருச்சு” என்றானே, எல்லோரும் சிரித்தார்களே, எதற்குச் சிரித்தார்கள்? ஐந்து பேரும் எதற்கு அப்படிச் சிரித்தார்கள்? காய்ச்சிக்கிட்டே இருங்க அக்கா என்று அவன் பெண்டாட்டி ஏன் சொன்னாள், அந்த நாற்றத்தை மாதக்கணக்கில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பொறுத்தவள்… அப்படியானால் ஆள் குறையவே இல்லையா? ஆறு பேர் ஆறு பேராகத்தான் இருந்தார்களா, போட்டிக்குப் போகிற ஒரு அணி, அதில் நன்றாக ஆடுகிற ஒருவன், பழகவேண்டிய மாதமெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து வாயாடிக்கொண்டு, தன் இடத்தைக் காலியாக்கி வைத்துக்கொண்டு… அந்த ஒரு புள்ளி, இன்னும் கொஞ்சம் பழகியிருந்தால் சங்குக்கு முன்னாலேயே வந்திருக்குமோ என்னவோ. இந்தத் தீவில் யார் வீட்டில் இன்று என்ன மீன் என்று அடுப்பு மூட்டும் முன்னாலேயே தெருவுக்குத் தெரியும், இதை மட்டும் எப்படி ஒருவரும் வாய்விடவில்லை, மஹேயு எப்படி வாய்விடவில்லை, பார்க்கிற எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டுகிற மஹேயு, விரல் மடக்கி அணியை எண்ணும்போதெல்லாம் அவள் பேர் வருகிற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு… சொன்னால் முழங்காலையும் சொல்லவேண்டியிருக்குமே. அதனாலா? அவள் இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வராமல் இருந்ததே அதனாலா?

விமானம் இறங்கி, சுற்றித் திரும்பி, நின்று, எல்லாம் நடந்தது, அவள் கால்கள்தான் அவளை வேலிவரைக்கும் கொண்டுபோயின, அப்போதும் அப்படித்தானே கொண்டுபோயின. பையன்கள் பாடிக்கொண்டே வரிசையில், மஹேயு கடைசியில், அவன் தலையைக் குனிந்தான், அவள் மாலையை வைத்தாள், கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, காதுவரை இறங்கியது. “என்ன மதினி, சேவல் கத்தலையே இன்னைக்கு? ஏதாவது சொல்லுங்க, இனிமே என்னைத் திட்ட பிரிஸ்பேனுக்குப் போனுல்ல போடணும்.” அவளுக்கு வார்த்தை இருந்தது, தொண்டைவரை நிறைய இருந்தது, ஒன்றை இழுத்தால் எல்லாம் கொட்டிவிடும், கேட்டால் என்ன சொல்வான், சிரிப்பான், இல்லை என்பான், இல்லையென்றால் ஆமாம் என்பான், ஆமாம் என்றுவிட்டால் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்… கன்னத்தில் கன்னம் வைத்து மூச்சை இழுத்தாள், எண்ணெய் வாசனை, நல்ல எண்ணெய், கடையில் வாங்கியது. “நேரமாச்சு மாமா” என்று யாரோ அவனைக் கூட்டிப்போனார்கள், தடியை ஊன்றி, தார்மீது, இடது காலை இழுத்து இழுத்து, நிஜமாக நொண்டினால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது, அப்போது நொண்டினது இதைவிட அழகாக இருந்தது. படிக்கட்டுக்குப் பாதி தூரம் போய்விட்டான். அப்போது அவள் கத்தினாள், திடலில் பந்துக்குக் கத்துவதுபோல வயிற்றிலிருந்து, “மஹேயு! முழங்காலைப் பாத்துக்கோ!” கூட்டம் சிரித்தது, அவன் நின்றான், திரும்பினான், மாலைக்கு அடியில் முகம் சரியாகத் தெரியவில்லை, அப்புறம் குனிந்து முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான், பலமாக, சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிற மாதிரி. வலது முழங்காலில்.

இடது கையில் தடி இருந்தது, அதனால் வலது கைக்கு எட்டினது வலது முழங்கால், அவ்வளவுதானா? இருக்கலாம். பட்டை போட்ட காலில் யாராவது தட்டுவார்களா, வலிக்காதா, அதனாலும் இருக்கலாம். விமானம் எழும்பிக் கடலுக்கு மேலே சின்னதாகி இல்லாமலே போனது, மெலாலி இன்னும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தாவிட்டா செத்துப்போனான், அவன் தம்பி எந்தக் கடலிலோ, மஹேயு பெண்டாட்டியும் போய்விட்டாள், மற்றவர்களும் இந்த ஊரில் இல்லை, கேட்பதற்கு என்று இங்கே மீந்திருப்பது மீன் துறைக்காரன் ஒருவன்தான், அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் பைக்கில் சாய்ந்துகொண்டு அவளையே பார்க்கிறான், அவள் பார்த்ததும் அவசரமாக வேறு எங்கோ பார்க்கிறான், தொண்டையைச் செருமுகிறான்… அந்தச் சாயங்காலங்களை அணிக்கு அவள் கொடுத்தது என்றே இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தாளே, அப்படியென்றால் கொடுத்தது யார், வாங்கிக்கொண்டது யார்? வீட்டுப் பக்கமிருந்து அந்தச் சேவல் கூவுவது கேட்டது, உச்சி வெயிலில், வேளை கெட்ட வேளையில். திடலில் திரும்ப ஆட்கள் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் அந்த மீன் துறைக்காரனிடம் போய்க் கேட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்காக யாராவது இப்படி நொண்டியிருக்கிறார்களா, வலிக்காத காலை வைத்துக்கொண்டு? யோசித்துப் பாருங்கள், உடனே ஞாபகம் வராது, எங்கேயோ ஒரு சிவப்புத் துணி கிடக்கும். கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், எந்தக் கால் என்பதையும் மறக்காமல்.